மீன் துணியின் நல்ல பக்கம்

மாஸ்டருக்குப் பொய் சொல்ல வராது என்று அந்தத் தையற்கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். பதினான்கு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பொய். காலையில் கூடத்துக்குள் காலை வைத்ததும், "என்னம்மா, இன்னைக்கு முகம் வாட்டமா இருக்கு?" என்று ரேடியோவிடம் கேட்பாரே, அங்கேயே ஆரம்பித்துவிடும். ரேடியோ என்பது மூன்றாவது மெஷினில் தைக்கும் பெண்ணுக்குக் கூடத்தில் வைத்த பெயர். வாய் மூடாது, அதனால் அந்தப் பெயர். அவள் முகம் வாடியிருக்கிறதா மலர்ந்திருக்கிறதா என்பது மாஸ்டருக்குத் தெரியாது. குரலை வைத்து ஓர் ஊகம். ஊகம் பலித்தால், "மாஸ்டர் கண்ணுக்குத் தப்ப முடியுமா?" என்பாள். பலிக்காவிட்டால், "போங்க மாஸ்டர், காலங்காத்தால கிண்டல் பண்ணிக்கிட்டு" என்பாள். இரண்டிலும் அவருக்குப் பழுதில்லை.

அவருடைய இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் பொட்டு விழுந்திருந்தது. முதலில் கடுகளவு இருந்தது, பிறகு சட்டைப் பொத்தான் அளவாகி, இப்போது ஓர் ஆளின் முகத்தை முழுசாக மறைக்கும் அளவுக்கு வந்திருந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது காணாமல் போய்விடும். ஓரத்தில் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரியும். அதனால் நடப்பார், கதவைக் கண்டுபிடிப்பார், டீ கிளாஸைத் தட்டிவிடாமல் எடுப்பார். முகம், எழுத்து, துணியின் பூ, இவை மூன்றும் அவருக்குப் போய்விட்டன.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற திரை தேஞ்சுபோச்சு. இருக்கறத வேணா கொஞ்ச நாள் காப்பாத்தலாம். போனது வராது." அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வெளியே வந்ததும் நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டில், "கண்ணாடி மாத்தச் சொன்னாரு" என்று சொன்னார். சொன்ன பொய்க்கு மரியாதை செய்ய வேண்டாமா? புதுக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டார். கறுப்பு ஃபிரேம். கூடத்தில் எல்லோரும் எடுப்பாக இருக்கிறது என்றார்கள். எடுப்பாகத்தான் இருந்தது. அதன் வழியாக ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் மறைத்தார் என்று கேட்டால், கட்டிங் மாஸ்டர் என்றால் கண்தான். தைப்பவர்கள் வரலாம், போகலாம். வெட்டுகிற மேசை ஒன்றுதான், அதற்கு ஆளும் ஒருவர்தான். முப்பது வருடம் சுண்ணாம்புக் கோடு போடாமல் கண்ணளவிலேயே வெட்டிய மனிதர். "கண்ணை மூடிக்கிட்டே வெட்டுவேன்" என்று வாலிபத்தில் மார்தட்டியவர். அந்த மேசையை விட்டு விலகினால் தான் யார் என்று அவர் ஒரு தடவை யோசித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார்.

மாஸ்டருக்கு வாய்த்த மனைவியும் அதே தொழில். இருவரும் சந்தித்ததே ஒரு சட்டைத் தொழிற்சாலையில்தான். அவர் வெட்டி அனுப்பிய காலர்களை ஒரு பெண் திருப்பி அனுப்பினாள், கால் அங்குலம் குறைகிறது என்று. யார் இந்த மகாராணி என்று டேப்போடு கிளம்பிப் போனார். அளந்தார். கால் அங்குலம் குறைந்தது. "டேப் பழசு, இழுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு வந்து, யாருக்கும் தெரியாமல் அத்தனை காலரையும் மறுபடி வெட்டி அனுப்பினார். அவளும் டேப் பழசு என்பதை ஒப்புக்கொண்டது போலத் தலையாட்டினாள். எட்டு மாதத்தில் கல்யாணம். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியதில், தப்பு என்னுடையது என்று அவர் சொன்னதும் இல்லை, அவள் சொல்லச் சொல்லிக் கேட்டதும் இல்லை. கூடத்தில் அவளுக்குப் பெயர் மாஸ்டரம்மா.

கூடம் பெரியதல்ல. ஓர் அச்சகத்தின் மாடியில் நீளமான ஒரே அறை. நாலு தையல் மெஷின், ஓர் இஸ்திரி மேசை, ஒரு வெட்டு மேசை. செய்வது ஒட்டுப் போர்வை. வண்ணத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, கோலம் சேர்ப்பது போலச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பது. குவில்ட் என்று கேட்டு வாங்குபவர்களும் உண்டு. ஒரு போர்வைக்கு இருநூறு, முந்நூறு துண்டு. ஒரு துண்டில் நூலளவு பிசகினால் பத்தாவது துண்டில் விரலளவு கோணிக்கொள்ளும்.

கத்தரிக்கோலோடு மாஸ்டரால் இனி ஓட்ட முடியாது என்ற நிலை வந்தபோதுதான் அந்த மெஷின் வந்தது. அவரேதான் முதலாளியம்மாவிடம் பேசிப் பழையதாக ஒன்றை வாங்க வைத்தார். "வேகமா வேலை ஆகும்மா. நான் ஒரு நாள்ல வெட்டறத இது ஒரு மணி நேரத்துல வெட்டும்." அதுவும் உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை.

இரண்டு இரும்பு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கரண்ட் வேண்டாம். அச்சு என்று ஒரு தட்டையான பலகை. அதன் மேல் மெத்தென்ற நுரை, நுரைக்குள்ளே முக்கோணமாகவோ சதுரமாகவோ வளைத்துப் பதித்த கத்தி. அதன் மேல் ஆறு அடுக்குத் துணியை விரித்து, துணிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பலகையை வைத்து, கைப்பிடியைச் சுற்றினால், மூன்றும் சேர்ந்து கடகடவென்று உருளைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். பலகையைத் தூக்கினால் ஆறு துண்டு, ஒரே அளவு, ஓரம் பிசிறில்லாமல். முக்கோணத்தின் கூர் முனைகளைக்கூட அச்சே துளி நறுக்கிக் கொடுத்துவிடும், தைக்கும்போது பொருத்த வசதியாக. கத்திக்கு வடிவம் தெரியும். மாஸ்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. அச்சின் ஓரத்தைக் கையால் தடவித் துணியை வைத்தால் போதும். குருடனுக்கென்றே செய்த மெஷின் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்ல முடியாத நன்றி அது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மெஷின் பார்த்துக்கொள்ளாது. துணியின் நல்ல பக்கம்.

பூப்போட்ட துணிக்கு அச்சடித்த பக்கம் நல்ல பக்கம். சாயம் வெளிறித் தெரிவது பின்பக்கம். சதுரமாக வெட்டினால் கவலையில்லை, எப்படித் திருப்பினாலும் சதுரம் சதுரம்தான். துண்டுகள் காற்றாடி இறக்கை போலச் சாய்ந்து சேரும் காற்றாடிப் போர்வைக்கு வெட்டுவது நீள முக்கோணம். அதற்குச் செருப்பைப் போல இடது வலது உண்டு. துணியைக் கவிழ்த்து வெட்டினால் இடது வலதாகிவிடும். அதனால் அடுக்குகிற ஆறும் நல்ல பக்கம் மேலே இருந்தாக வேண்டும். மடித்து வைப்பது கூடவே கூடாது. மடித்தால் பாதிக்குப் பாதி கவிழ்ந்துவிடும்.

இதற்கும் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மில்லில் துணியை விறைப்பாகப் பிடித்துக் காயவைப்பதற்குக் கரையோரமாக ஊசி குத்துவார்கள். அந்தத் துளைகள் ஒரு பக்கம் சொரசொரவென்று எழும்பி நிற்கும், மறுபக்கம் குழிந்திருக்கும். எழும்பி நிற்பது நல்ல பக்கம். கரையைக் கட்டைவிரலால் ஒரு தடவு, முடிந்தது. பதினான்கு மாதத்தில் ஒரு பிழை வரவில்லை. முதலாளியம்மாவே ஒருமுறை, "உங்க குப்பைத் தொட்டியில வீணாப்போன துண்டு ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல மாஸ்டர்" என்று சொன்னார். அன்று வீடு போகும் வழியெல்லாம் அவர் விசிலடித்துக்கொண்டே போனார். மாஸ்டரம்மா பக்கத்தில் நடந்தாள். அவள் தோளில் வழக்கமான துணிப் பை.

கூடத்தின் சாவி மாஸ்டரம்மாவிடம். காலையில் அவருக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவாள், மெஷின்களுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று. அவர் வெட்டிக் கூடையில் போடும் துண்டுகளைப் பிரித்து நாலு பேருக்கும் கொடுப்பதும் அவள் வேலைதான். இன்று வெட்டியதை நாளைக்குப் பிரித்துக் கொடுப்பாள்.

மற்றபடி இரண்டு பேர் இருக்கும் வீட்டில் என்ன பேச்சு இருக்கும்? தலையணையைப் பற்றி ஒரு சண்டை இருந்தது.

"என்ன தலகாணி இது, கல்லு மாதிரி கனக்குது?"

"பஞ்சு கட்டிப்போச்சு."

"போன மாசம் இவ்வளவு கனமில்லையே."

"உங்க தலை கனத்துப்போச்சு. பேசாம படுங்க."

அவர் தலைக்கனம் ஊரறிந்த விஷயம் என்பதால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாஸ்டரம்மாவின் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. முதலில் விரல் மரத்தது, பிறகு டம்ளர் நழுவியது, கடைசியில் தூங்க முடியாத வலி. நரம்பு நசுங்கியிருக்கிறது, கீறித்தான் ஆக வேண்டும் என்றார்கள். "இருபத்தாறு வருஷம் தச்சா நரம்பு என்ன, எலும்பே தேயும்" என்று மாஸ்டர் டாக்டருக்கே விளக்கம் சொன்னார். டாக்டர், "தையல் மட்டும் இப்படிப் பண்ணாது. அழுத்தி எதையாவது சுத்தற வேலை செய்யறாங்களா?" என்று கேட்டார். மாஸ்டரம்மா முந்திக்கொண்டு, "இல்லைங்க" என்றாள்.

ஆபரேஷன் முடிந்தது. இன்னும் இரண்டு நாள் கையைத் தூக்கிக் கட்டி வைத்திருக்க வேண்டும், வார்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். பார்வை நேரம் மாலை நாலு மணிக்கு. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது தண்ணீர் இல்லை.

"ஏங்க, மீன் துணி வந்துடுச்சா?"

வந்திருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பிரசவ வார்டுக்கு, பிறந்த குழந்தைகளைச் சுற்றுவதற்கு முப்பது சின்னப் போர்வை. வெள்ளையில் பொடிப்பொடியாக ஆரஞ்சு மீன் போட்ட துணி, தைக்க வேண்டியது காற்றாடிக் கோலம். அந்தத் துணியை அச்சடிப்பதை மில்லில் நிறுத்திவிட்டார்கள். கடைசியாக இருந்த அளவுத் துணியை முதலாளியம்மா அலைந்து திரிந்து வாங்கியிருந்தார். ஒரு முழம்கூடக் கூடுதல் இல்லை.

"அத நீங்க தொடாதீங்க. நான் வந்தப்புறம் வெட்டிக்கலாம்."

"நீ வந்து என்ன பண்ணப் போற? வெட்டறது நான்தானே?"

"ரெண்டு நாள் உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுடுங்களேன்."

"எனக்கு என்ன உடம்புக்கு? நீ படுத்திருக்கேன்னு கூடமே படுத்துக்கணுமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அந்த முகத்தை அவர் பார்த்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். நேராகத்தான் பார்த்தார். அங்கே சாம்பல் பொட்டு இருந்தது.

மறுநாள் காலையில் முதலாளியம்மாவும் அதையேதான் சொன்னார். "மாஸ்டரம்மா வரட்டும் மாஸ்டர், அவசரமில்ல." அது போதும் நம்ம ஆளுக்கு. ஆளாளுக்கு ஒரு பெண்பிள்ளையின் வருகைக்காகத் தன் வேலையை நிறுத்தச் சொல்கிறார்களே என்று முறுக்கிக்கொண்டது. "மத்தியானத்துக்குள்ள வெட்டிக் கொடுக்கறேன். மத்தியானமே தைக்க ஆரம்பிச்சுடுங்க" என்று உறுமிவிட்டுத் துணியைப் பிரித்தார்.

கரையைக் கட்டைவிரலால் தடவினார். வழவழவென்றிருந்தது. திருப்பித் தடவினார். அதே வழவழப்பு. இந்த மில்காரன் துளையெல்லாம் அமுங்கும்படி நன்றாக அழுத்தி இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறான், புண்ணியவான். ஆள்காட்டி விரலால் பார்த்தார், சுண்டு விரலால் பார்த்தார். ஜன்னலருகே கொண்டுபோய் முகத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். வெள்ளையாக ஏதோ, அதில் செம்மண் தூவினது போல ஏதோ. இந்தப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கமும் அப்படித்தான்.

பத்தடி தூரத்தில் ரேடியோ உட்கார்ந்திருக்கிறாள். "இதுல நல்ல பக்கம் எதும்மா?" என்று கேட்டால் தீர்ந்தது. கட்டிங் மாஸ்டர் கேட்கும் கேள்வியா அது? கேட்ட மாத்திரத்தில் நாலு மெஷினும் நின்றுவிடும். வேறு விதமாக முயன்றார்.

"ஏம்மா, இங்க வா. இந்தத் துணியில அழுக்கு எதுவும் பட்டிருக்கா பாரு."

ரேடியோ வந்து பார்த்தாள். "இல்லையே மாஸ்டர், பளிச்சுனு இருக்கு."

"மேல்பக்கம் சரி, அடியில?"

"அடியிலயும் இல்ல." அவள் கொஞ்சம் நின்றாள். வழக்கமாக நின்றால் பேசுவாள், அன்று பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "அக்கா வந்தப்புறம் வெட்டலாமே மாஸ்டர்" என்றாள்.

"ஏன், உங்க அக்காதான் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தாளா? போய் வேலையப் பாரு!"

போனாள். எல்லோரும் குனிந்துகொண்டார்கள் என்று சத்தத்தில் தெரிந்தது. இனி பின்வாங்க வழியில்லை. துணியை உதட்டருகே கொண்டுபோனார், முகர்ந்து பார்ப்பது போல. விரலைவிட உதட்டுக்கு உணர்வு அதிகம். ஒரு பக்கம் கொஞ்சம் வறவறப்பாக இருப்பது போலப் பட்டது. சாயம் ஏறிய பக்கம் அதுதான் என்று முடிவு செய்தார். அது முடிவல்ல, வேண்டுதல். அளவளவாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்துப் பார்த்து, ஆறு ஆறாக அடுக்கி, கைப்பிடியைச் சுற்றினார். ஐந்தாவது அடுக்குக்குப் பிறகு உதடு மரத்துப்போய் எல்லாம் ஒன்றாகவே பட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. மனிதர் பயத்தில் ஓடும்போது காலை நிறுத்துவாரா? மத்தியானத்துக்குள் மீன் துணி முழுவதையும் வெட்டித் தீர்த்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. கால் மணி நேரத்தில் ஒன்று நின்றது. பிறகு இன்னொன்று நின்றது. பிறகு நாலும் நின்றுவிட்டன. துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைக்கும் சரசரப்பு மட்டும் கேட்டது. யாரோ ஓடிப்போய் முதலாளியம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

காற்றாடிக்கு நாலு இறக்கை. இரண்டு இறக்கை வலப்பக்கமும் இரண்டு இடப்பக்கமும் சாய்ந்தால் அது எங்கே சுற்றும்? துண்டைக் கவிழ்த்துப் போட்டால் சாய்வு சரியாகிறது. பின்பக்கம் மேலே வந்துவிடுகிறது. பாதி மீன் உயிரோடும் பாதி மீன் வெளிறிச் செத்தும் கிடந்தன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய சரிபாதி. பூவா தலையா போட்டு வெட்டியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

"மாஸ்டர்," என்றார் முதலாளியம்மா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இப்படி ஒரு நாளும் ஆனதில்லையே."

"மில்லு துணிம்மா அது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிச்சிருக்கான்."

வெளிறிய பக்கம் எது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, அவரைத் தவிர.

முதலாளியம்மா அருகில் வந்தார். காலடிச் சத்தம் ஒரு முழ தூரத்தில் நின்றது. "என் முகத்தைப் பாருங்க மாஸ்டர்."

பார்த்தார். கறுப்பு ஃபிரேம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் இப்ப எப்படி இருக்கேன், சொல்லுங்க."

இத்தனை துணி போனால் எவருக்கும் என்ன வரும்? "கோவமா இருக்கீங்கம்மா," என்றார்.

ரேடியோதான் மெல்லச் சொன்னாள்: "அம்மா அழுதுட்டிருக்காங்க, மாஸ்டர்."

மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் அவர் இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தது நாலு பேர் நடுவில் அம்மணமாக நின்றது.

"எத்தனை நாளா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசமா எப்படி ஒரு துண்டுகூடப் பிசகல?"

அதற்கு மட்டும் அவருக்கு ஒரு நிமிர்வு வந்தது. அந்த நிலையிலும் வந்தது பாருங்கள். "கைம்மா. தடவிப் பார்த்தாலே எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் எப்படியோ..."

"இல்ல மாஸ்டர்." ரேடியோவின் குரல் உடைந்தது. ஊருக்கெல்லாம் செய்தி வாசிக்கிறவள் ஒரு வருடமாக ஒரே ஒரு செய்தியை மட்டும் தொண்டைக்குள் வைத்திருந்தாள். "தினமும் பிசகும். பூத்துணி வெட்டின அன்னைக்கெல்லாம் பிசகும். அக்கா காலைல முன்னாடியே வந்து, கூடையக் கொட்டி, தப்பானதப் பொறுக்கி எடுத்துட்டு, மிச்சத் துணியில வேற வெட்டி வைப்பாங்க. இந்த உருளையச் சுத்தித்தான். ஒரு நாள் நான் சீக்கிரம் வந்துட்டேன், பார்த்துட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவருகிட்ட மட்டும் சொல்லவே சொல்லாதன்னாங்க."

மாஸ்டர் கைப்பிடியைத் தொட்டார். அழுத்தி எதையாவது சுற்றுகிற வேலை செய்கிறார்களா என்று டாக்டர் கேட்டது காதில் விழுந்தது. இப்போதுதான் விழுந்தது.

"தப்பான துண்டெல்லாம் எங்க?" என்று கேட்டார். ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

முதலாளியம்மா, "வீட்டுக்குப் போங்க மாஸ்டர். நாளைக்குப் பேசலாம்" என்றார். நாளைக்குப் பேச என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அவர் கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்து, உறையில் போட்டு, மேசையின் மேலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

வீட்டில் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் மேல் விழுந்திருந்தது. அலமாரியைத் துழாவினார், பரண் மேல் கை விட்டார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார். ஒரு துண்டு கிடைக்கவில்லை. சலித்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் கை ஊன்றினார். கை ஊன்றியது தலையணை மேல்.

கல்லு மாதிரி கனக்கும் தலையணை. அமுக்கினார். பஞ்சு இப்படியா அமுங்கும்? பஞ்சுக்கு ஓரம் ஏது? உறையைக் கழற்றி, விளிம்பை விரலால் தடவிப் போனார். ஒரு பக்கத் தையல் மட்டும் பலமுறை பிரித்துத் தைத்தது. நகத்தால் கீறி இழுத்தார். மடியில் கொட்டியது.

முக்கோணம். முக்கோணத்துக்கு மேல் முக்கோணம். ஒவ்வொன்றின் கூர் முனையையும் அச்சு துளி நறுக்கியிருந்தது. அந்த நறுக்கு அவர் விரலுக்குத் தெரியாதா? இது பெரிய காற்றாடி அச்சு, மழைக்காலத்தில் போட்டது. இது சின்னது, மெஷின் வந்த முதல் மாதமே வெட்டியது. அப்படியானால் முதல் மாதத்திலிருந்தே! சில துண்டுகளின் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளை இருந்தது. தைத்த பிறகு தப்பைக் கண்டுபிடித்து, பிரித்து எடுத்திருக்கிறாள். கரைத் துளையைத் தடவியே துணியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று நெஞ்சு நிமிர்த்தியவர், இந்தத் துளைகளை உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார். அவள் தலையணையையும் பிரித்தார். அதிலும் அதுதான். தான் வெட்டிய பிழைகள் மேலேயே தலை வைத்துப் படுத்துக்கொண்டு, இன்று எப்படி வெட்டினேன் தெரியுமா என்று எத்தனை நாள் பீற்றியிருக்கிறார்! அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு உம் கொட்டியிருக்கிறாள்.

மனிதர் அழுதார். வாய்விட்டு, வெட்கமில்லாமல், கேட்க ஆளில்லாத வீட்டில் அழுதார். பிறகு, என்ன நினைத்தாரோ, சரியாக வெட்டியது ஒன்றாவது இதில் கலந்திருக்காதா என்று இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம் பிரிக்க முயன்றார். நல்ல பக்கம் தெரியாமல் இடதும் வலதும் எப்படித் தெரியும்? கட்டில் முழுவதும் கலைந்து கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு, ஒரே ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

நாலு மணிக்கு மணி அடித்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜன்னலோரம் மூன்றாவது கட்டில். கம்பியில் தொங்கவிட்ட வெள்ளைக் கட்டு ஓரக்கண்ணில் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனார்.

"வெட்டலதானே?" என்றாள் அவள், அவர் உட்காருவதற்கு முன்பே.

"வெட்டிட்டேன்."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"எவ்வளவு போச்சு?"

"எல்லாம்."

"தெரிஞ்சிடுச்சா?"

"எல்லாருக்கும்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்கும்."

சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். அவளுடைய இடது கையைத் துழாவிக் கண்டுபிடித்து, உள்ளங்கையில் வைத்தார். இருபத்தாறு வருடத்தில் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இதுல நல்ல பக்கம் எது?"

அவள் பதில் சொன்னபோது குரலில் அன்பு இல்லை. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த ஆத்திரம் இருந்தது.

"இப்பக் கேளுங்க. கை போனப்புறம் கேளுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதக் கேட்டிருந்தா, பக்கத்துல நின்னு சொல்லியிருப்பேனே! துணிய நான் எடுத்துக் கொடுத்திருப்பேன், நீங்க சுத்தியிருப்பீங்க. இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு பதினாலு மாசம் பார்த்தேன். நானா எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்களே." மூச்சு வாங்கினாள். "டாக்டர் காலைல சொல்லிட்டாரு. இந்தக் கையால இனிமே கத்தரி பிடிக்க முடியாதாம். சுத்தற வேலை சுத்தமாக் கூடாதாம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா இருந்தோங்க. இப்ப அந்த ஒரு ஆளும் இல்ல."

"தப்பு என்னுதுதான்," என்றார் மாஸ்டர். முதல் தடவையாகச் சொன்னார். சொன்னால் ஏதோ நடக்கும் என்று இத்தனை காலம் பயந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வார்டில் யாரோ தட்டை நகர்த்தினார்கள். பார்வை நேரம் முடிய இன்னும் நேரமிருந்தது.

அவள் விசும்பி ஓய்ந்தாள். பிறகு இடது கையாலேயே அந்தத் துண்டைத் திருப்பி வைத்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து அதன் மேல் அழுத்தினாள்.

"இதுதான்," என்றாள். "இந்தப் பக்கம்."

அவர் தடவிப் பார்த்தார். நிதானமாக, முனையிலிருந்து முனை வரை தடவினார். பிறகு கவிழ்த்து, மறுபக்கத்தையும் தடவினார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.